அப்பா அனுப்பின காசு: ஏதென்ஸில் ஒரு ரோமானிய மாணவன்

இன்னைக்கு எபிசோடுல பேரரசர், கிளாடியேட்டர், முற்றுகை எதுவும் கிடையாது. ஒரு காலேஜ் பையன் மட்டும்தான். வெளியூர்ல தங்கிப் படிக்கிறான். கையில காசு நிக்கல. சேர்க்கை சரியில்லைன்னு வீட்டுக்குச் செய்தி போயிடுச்சு. நோட்ஸ் எழுதி எழுதி அலுத்துப்போச்சு. அப்பாகிட்ட நேராப் பேசத் தயக்கம். கேட்டா உங்க ரூம்மேட் மாதிரி இருக்கும். ஆனா இவன் வாழ்ந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு.

இவனை நான் சந்திச்சது என் இரண்டாம் வருஷக் கடைசியில. அப்போ எனக்கு நாலு அரியர். வீட்டுல ஒண்ணுன்னு சொல்லியிருந்தேன். மாசாமாசம் 5ஆம் தேதி அப்பா போன்லயே காசு போடுவார். போட்ட ரெண்டாவது நிமிஷம் கூப்பிடுவார். “வந்துச்சா?” “வந்துச்சுப்பா.” “படிக்கிறியா?” “படிக்கிறேன்பா.” அவ்வளவுதான் பேச்சு. அந்த லீவுல அரியர் பேப்பருக்குப் படிக்க வேண்டிய நான், ஹாஸ்டல்ல உட்கார்ந்து ரோமானிய வரலாறு படிச்சேன். ஒளிஞ்சுக்க ரோம் நல்ல இடம். அங்க யாரும் உங்க மார்க் கேட்க மாட்டாங்க. அப்படி ஒளியப் போன இடத்துலதான் இவன் உட்கார்ந்திருந்தான்.

பேரு மார்க்கஸ் டுல்லியஸ் சிசரோ. அவங்க அப்பா பேரும் அதேதான். குழப்பம் வேண்டாம், அப்பாவை சிசரோன்னும் பையனை மார்க்கஸ்னும் வெச்சுக்குவோம். அப்பா சிசரோ ரோமின் மிகப் பெரிய பேச்சாளர், வழக்கறிஞர். கி.மு. 63இல் கன்சல், அதாவது அந்த வருஷம் ரோமின் உச்சப் பதவியில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தர். இப்படி ஒரு அப்பாவுக்கு மகனாப் பிறந்து, அவர் பேரையே சுமந்துக்கிட்டு காலேஜ் போறது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

மார்க்கஸ் பிறந்தது கி.மு. 65. பதினாறு, பதினேழு வயசுலயே உள்நாட்டுப் போரைப் பார்த்தவன். சீசருக்கு எதிரா பாம்பேயின் படையில் ஒரு குதிரைப்படைப் பிரிவை நடத்தினான். குதிரை ஓட்டுவதிலும் ஈட்டி எறிவதிலும் பேர் வாங்கினான். ஆனா அந்தப் பக்கம் தோத்துடுச்சு. கி.மு. 46இல் அப்பாவும் அம்மா டெரென்ஷியாவும் பிரிஞ்சாங்க. கொஞ்ச நாள்லயே அப்பா ரொம்பச் சின்ன வயசுப் பொண்ணைக் கல்யாணம் பண்ணார், அதுவும் நிலைக்கல. கி.மு. 45 பிப்ரவரியில் அக்கா டுல்லியா இறந்துட்டா. பிரசவம் ஆகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அதுக்கு அடுத்த மாசங்கள்ல மார்க்கஸ் ஏதென்ஸுக்குக் கிளம்பினான்.

அவனுக்கு அங்க போக விருப்பமே இல்லை. ஸ்பெயினுக்குப் போய் சீசரின் படையில் சேரணும்னு கேட்டிருந்தான். அப்பா யோசிச்சது வேற. நேத்து வரைக்கும் எதிர்ப்பக்கம் நின்னவன் இன்னைக்கு இந்தப் பக்கம் போனா நாலு பேர் என்ன சொல்வாங்க? போதாக்குறைக்கு அங்க ஏற்கெனவே இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் குவின்டஸுக்குத்தான் மதிப்பு கிடைக்கும்னு வேற சொன்னார். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’, ‘அவனைப் பாரு’: நம்ம வீட்டு வசனங்கள் ரெண்டும் அங்கேயே இருக்கு. குதிரை ஓட்டத் தெரிஞ்ச பையனுக்கு தத்துவம் சீட் போட்டாச்சு.

இப்போ காசு விஷயம். ரோமில் ஆர்கிலேட்டம், அவென்டைன் என்ற பகுதிகளில் இருந்த வீடுகளின் வாடகையை மகன் படிப்புக்கு ஒதுக்கினார் சிசரோ. அதே சமயம் ஏதென்ஸில் இருந்த மற்ற பெரிய வீட்டுப் பசங்க, பிபுலஸ், மெஸ்ஸாலா மாதிரி ஆட்கள், இதுக்கு மேல செலவு பண்ண மாட்டாங்கன்னு கணக்கும் போட்டு வெச்சார். அந்த வாடகை வருஷத்துக்கு 80,000 செஸ்டர்ஸ் அளவுக்கு வந்தது. அப்போ ஒரு ரோமானியச் சிப்பாயின் வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். அதாவது ஒரு மாணவனின் படிப்புச் செலவு கிட்டத்தட்ட 89 சிப்பாய்களின் சம்பளம். இதைப் படிச்சப்போ எனக்கு மார்க்கஸ் மேல இருந்த இரக்கம் பாதி குறைஞ்சது உண்மை.

காசு எப்படிப் போச்சு? மூட்டை கட்டிக் கப்பல்ல அனுப்பலை. சிசரோவின் நண்பர் அட்டிகஸுக்கு ஏதென்ஸில் பல வருஷத் தொடர்பு. இங்க ரோமில் சிசரோ அட்டிகஸ் கணக்கில் கட்டுவார்; அங்க ஏதென்ஸில் அட்டிகஸின் ஆட்கள் மார்க்கஸ் கையில் கொடுப்பாங்க. நம்ம ஊர் உண்டியல் முறை மாதிரியேதான். ஆனா எல்லா மாசமும் வாடகை ஒழுங்கா வரணுமே. கி.மு. 44 ஏப்ரலில் சிசரோ எழுதின ஒரு கடிதத்தில், தன்னோட ரெண்டு கடைகள் இடிஞ்சு விழுந்துட்டதாகவும், மற்றதும் விரிசல் விட்டு, குடியிருந்தவங்க மட்டுமில்லாம எலிகளும் காலி பண்ணிட்டதாகவும் கிண்டலாச் சொல்றார். அவருக்கு அது ஜோக். அந்தக் கட்டடத்துல குடியிருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு அவர் எழுதலை.

ஏதென்ஸில் மார்க்கஸுக்குப் பெரிய வாத்தியார் கிராடிப்பஸ், அரிஸ்டாட்டில் வழிவந்த தத்துவ ஆசிரியர். பேச்சுக்கலைக்கு கோர்கியாஸ். இந்த கோர்கியாஸ் மகனைக் குடிக்கும் கேளிக்கைக்கும் இழுக்கிறார்னு சிசரோ காதுக்கு வந்தது. அவருக்கே கோபமா கிரேக்கத்தில் கடிதம் போட்டார் சிசரோ. மகனிடம் அவரை விட்டு விலகச் சொல்லி உத்தரவும் போட்டார். அதோட விடலை. ஏதென்ஸில் இருந்த தெரிஞ்சவங்க கிட்டயிருந்து ரிப்போர்ட் வாங்கினார். ஹெரோடஸ் என்பவர் ஆஹா ஓஹோன்னு புகழ்ந்து எழுதினார். லியோனிடெஸ் என்பவர் மட்டும் நல்லாத்தான் படிக்கிறான்னு சொல்லிட்டு, கூடவே ‘இதுவரைக்கும்’னு ஒரு வார்த்தை சேர்த்தார். அந்த ஒரு வார்த்தை சிசரோவை உறுத்திக்கிட்டே இருந்தது. மகன்கிட்டயிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பத்தி அட்டிகஸுக்கு எழுதும்போது, மற்ற விஷயமெல்லாம் கட்டுக்கதையா இருக்கலாம், ஆனா இந்த நடையைப் பார்த்தா பையன் ஏதோ கத்துக்கிட்டான்னு தெரியுதுங்கிறார். மகன் பொய் சொல்லலாம்னு அவருக்குத் தெரியும். பொய்யின் இலக்கணமாவது சரியா இருக்கேன்னு சந்தோஷப்படுறார்.

இந்த இடத்துல புத்தகத்தை மூடி வெச்சேன். எங்க அப்பாவின் “படிக்கிறியா?” காதுல கேட்டுச்சு. அவருக்கும் தெரிஞ்சிருக்குமோ?

மார்க்கஸ் அப்பாவுக்கு எழுதின கடிதம் ஒண்ணுகூட இன்னைக்கு இல்லை. மிஞ்சினது ரெண்டே ரெண்டு, ரெண்டுமே டிரோ என்பவருக்கு எழுதினது. டிரோ அந்த வீட்டில் அடிமையா இருந்து, கி.மு. 53இல் விடுதலை பெற்று, சிசரோவின் செயலாளரா இருந்தவர். அப்பாகிட்ட எதை எப்படிச் சொல்லணும்னு தெரிஞ்ச ஒரே ஆள். எல்லா வீட்டுலயும் ஒரு டிரோ இருப்பாங்க, இல்லையா? எங்க வீட்டுல அது சித்தப்பா.

கி.மு. 44 கோடையில் எழுதின அந்தப் பெரிய கடிதம் இப்படிப் போகுது. ரோமிலிருந்து தபால்காரர்கள் வர 46 நாள் ஆச்சு. வந்ததும் அவ்வளவு சந்தோஷம். தன் பழைய தப்புகளுக்காக வருத்தப்படுறான். அதை நினைச்சாலே மனசு கூசுதுங்கிறான். கிராடிப்பஸோடு இப்போ மாணவன் மாதிரி இல்ல, மகன் மாதிரி இருக்கானாம். அவர் திடீர்னு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து, தத்துவக் கறாரை ஓரமா வெச்சுட்டு ஜோக் அடிப்பாராம். புரூட்டியஸ்னு ஒரு நண்பன், வசதி இல்லாதவன். பக்கத்துலயே அவனுக்கு அறை பிடிச்சுக் கொடுத்து, தன் கைக்காசுல முடிஞ்சதைப் பண்றானாம். கோர்கியாஸால பேச்சுப் பயிற்சிக்குப் பிரயோஜனம் இருந்தது, ஆனா அப்பா சொன்னதால விட்டுட்டேன்கிறான். நடுவுல டிரோ பண்ணை வாங்கினதைக் கேலி பண்றான்: இனி நீ சாப்பாட்டுல வர்ற பழ விதைகளைத் துணி மடிப்புல சேர்த்து வைப்பேன்னு. கடைசியா ஒரு கோரிக்கை: எழுத்தர் ஒருத்தரை அனுப்பு, கிரேக்கனா இருந்தா நல்லது, நோட்ஸ் எழுதியே நேரம் போகுது. அந்தக் காலத்துல இப்படி ‘அனுப்பு’ன்னா பெரும்பாலும் ஒரு அடிமையைத்தான். மார்க்கஸை நமக்குப் பிடிச்சுப் போனாலும் அதை மறக்கக் கூடாது.

இந்தக் கடிதம் மொத்தமும் நடிப்புன்னு சொல்றவங்க உண்டு. அப்பா காதுக்குப் போகணும்னே எழுதினது, செலவுக்கு அடிபோடுறதுன்னு. இருக்கலாம். ஆனா நான் அதைப் படிச்சப்போ நடிப்பும் உண்மையும் ஒரே வரியில இருக்க முடியும்னு புரிஞ்சது. “படிக்கிறேன்பா”ன்னு நான் சொல்லும்போது அது பொய். படிக்கணும்ங்கிற ஆசை பொய் இல்லை.

அப்புறம் நடந்தது வேகமா நடந்தது. சீசர் மார்ச் 15 அன்னைக்கே கொல்லப்பட்டிருந்தார். ஜூலையில் சிசரோ மகனைப் பார்க்கக் கப்பல் ஏறினார். இத்தாலியின் தென்முனையில் எதிர்க்காத்து திருப்பி அடிச்சது. ரோமிலிருந்து வந்த செய்தி கேட்டுத் திரும்பிட்டார். ஆண்டனிக்கு எதிரா பேச ஆரம்பிச்சார். மகனைப் பார்க்கப் போகாத அந்த இலையுதிர் காலத்தில், அவனுக்காக மூணு பாகத்தில் ஒரு புத்தகம் எழுதினார். ‘கடமைகள்’னு அதைச் சொல்லலாம். நாடு நடுவழியில கூப்பிடாம இருந்திருந்தா நானே வந்திருப்பேன்னு கடைசியில் மகனிடம் சொல்றார். 1465இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் அச்சான அந்தப் புத்தகம், ஐரோப்பாவில் முதன்முதலா அச்சேறிய பழைய இலத்தீன் நூல்களில் ஒண்ணு. ஊரே படிச்சது. மார்க்கஸ் முழுசா படிச்சானான்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

ஏன்னா அவன் ஏற்கெனவே கிளம்பிட்டான். சீசரைக் கொன்ற புரூட்டஸ் ஏதென்ஸுக்கு வந்து, கிராடிப்பஸ் வகுப்பிலேயே உட்கார்ந்து, ரோமானிய மாணவர்களைப் படைக்குச் சேர்த்தார். மார்க்கஸ் சேர்ந்தான். அதே வயசு மாணவன் ஒருத்தன், பின்னாளில் பெரிய கவிஞரான ஹோரஸ், அவனும் சேர்ந்தான். குதிரை மேல ஏறினதும் மார்க்கஸ் மார்க்கஸானான். உழைப்பு, பொறுமை, துணிச்சல் எல்லாத்திலும் உங்க மகன் அசத்துறான்னு புரூட்டஸ் சிசரோவுக்கே கி.மு. 43இல் எழுதினார். லியோனிடெஸ் சேர்த்த ‘இதுவரைக்கும்’ இதுல இல்லை.

அதே வருஷம் டிசம்பர் 7ஆம் தேதி ஆண்டனியின் ஆட்கள் சிசரோவைக் கொன்னாங்க. தலையையும் கையையும் ரோம் மன்றத்தின் பேச்சுமேடையில வெச்சாங்க. ஏதென்ஸுக்குப் போனதுக்கு அப்புறம் அப்பாவும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை.

மார்க்கஸ் பிழைச்சான். கி.மு. 30இல் கன்சலும் ஆனான். அவன் பதவியில் இருந்தப்போதான் ஆண்டனியின் சிலைகள் அகற்றப்பட்டன. ஆனாலும் பிளினி அவனை ஒரே மூச்சில் ஆறேழு லிட்டர் மது குடிச்சவனாத்தான் நினைவு வெச்சிருக்கார். அப்பா எழுதின கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கு. பையன் பக்கம் ரெண்டு. ஒரு பக்கம் மட்டும் பேசினா எந்த மகனும் உதவாக்கரையாத்தான் தெரிவான்.

அந்த லீவு முடியுறதுக்குள்ள நான் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். ஒண்ணு இல்ல, நாலுன்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “இதை நான் சொல்ல மாட்டேன். நீயே அப்பாகிட்ட சொல்லு”ன்னார். ஒருவேளை டிரோவும் அப்படிச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். 5ஆம் தேதி அப்பா கூப்பிட்டார். “வந்துச்சா?” வந்துச்சுன்னேன். அவர் அடுத்த கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: “ஒரு பேப்பருக்கு ஃபீஸ் எவ்வளவுடா?”

நாலுல மூணு முடிச்சாச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு. ரோமும் இருக்கு. அடுத்த எபிசோடுல ஹோரஸ் போர்க்களத்தில் என்ன ஆனார்னு பார்ப்போம். அதுவரைக்கும், வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.