எஸ்டிமா: பிறர்க்காகச் செய்யப்பட்ட நம் குடும்ப வண்டி



நம் தமிழ்ப்பள்ளிகளின் வாயிலில் பிள்ளைகளை இறக்கிவிட வரும் வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். மைவிக்கும் சாகாவுக்கும் நடுவே முட்டை வடிவில் பெரிய வண்டியொன்று கட்டாயம் நிற்கும். பெரும்பாலும் அது தொயோத்தா எஸ்டிமாவாகவே இருக்கும். தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பங்களுக்கும், நாடகப் போட்டிக்கு ஆறு மாணவர்களை ஒரே நடையில் ஏற்றிச் செல்ல வேண்டிய ஆசிரியர்களுக்கும் அது வாய்ப்பான வண்டி. இன்று அவற்றுள் பல மூன்றாம், நான்காம் கைக்கு வந்துவிட்டன. "தொயோத்தாதானே, என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று வாங்கிவிட்டுப் பின்னர்ப் பட்டறையில் கைபிசைந்து நிற்கும் பெற்றோர் சிலரை நான் அறிவேன். அவர்களுக்கு நான் சொல்வது, இந்த வண்டியின் வரலாறு தெரிந்தால் அதன் பராமரிப்பில் பாதி தெரிந்த மாதிரி என்பதுதான். இது நம் நாட்டுக்காகச் செய்யப்பட்ட வண்டியன்று. ஜப்பானின் வரிச்சட்டத்திற்கும், தெருக்களுக்கும், எரிபொருளுக்கும், குளிருக்கும் ஏற்பச் செய்யப்பட்டுப் பிறகு நம்மிடம் வந்து சேர்ந்தது.

எண்பதுகளில் பெரிய குடும்பம் என்றால் நமக்கு வேன்தான். நிசான் வானெட், தொயோத்தா லைட்டேஸ் ஆகிய பெயர்களை நாற்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சரக்கு வண்டியின் உடலில் இருக்கை போட்டவை அவை. இயந்திரம் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் கொதிக்கும். ஜப்பானிலும் அன்று நிலைமை ஏறக்குறைய இதுவே. நிசான் பிரேரி 1982-இலும் மிட்சுபிஷி சாரியட் 1983-இலும் வெளிவந்து, மகிழுந்தைப் போல் ஓடும் குடும்ப வண்டிக்கு வழிகாட்டின. ஆயினும் பெரிய வண்டிகள் பெருகுவதற்கு அங்கே ஒரு சட்டம் தடையாய் நின்றது.

ஜப்பானில் 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 2000 சி.சி. கொள்ளளவு என்னும் மூன்று எல்லைகளுள் எதைத் தாண்டினாலும் வண்டி பெரிய வகையில் சேர்ந்துவிடும். அதன் ஆண்டு வரி 81,500 யென்னிலிருந்து தொடங்கியது. 1989 ஏப்ரலில் வரிமுறை சீர்திருத்தப்பட்டபோது 2.5 லிட்டர் வரையிலான வண்டிகளுக்கு அது 45,000 யென்னாகக் குறைந்தது. அதே ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் எஸ்டிமாவின் மாதிரி வடிவம் வைக்கப்பட்டது. 1990 மே மாதம் விற்பனைக்கு வந்தது. 1.8 மீட்டர் அகலமும் 2.4 லிட்டர் இயந்திரமும் கொண்ட குடும்ப வண்டியை அந்த வரிக்குறைப்பு இல்லாமல் ஜப்பானியர் விரும்பி வாங்கியிருப்பார்களா என்பது ஐயமே. 'மதிப்பிற்குரிய' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். விளம்பரத்தில் 'மேதை முட்டை' என்று அழைத்தார்கள். வடிவத்தைப் பார்த்தால் பொருத்தமான பட்டம்தான்.

முதல் தலைமுறை எஸ்டிமா பொறியியல் விந்தை. புதுவகை இருவீச்சு இயந்திரமொன்றை அதற்கென எண்ணியிருந்தார்கள்; அது கைகூடவில்லை. ஆகவே நான்கு உருளை இயந்திரத்தை 75 பாகை சாய்த்து, ஏறத்தாழப் படுக்க வைத்து, முன் இருக்கைகளுக்குக் கீழே பொருத்தினார்கள். மின்னாக்கி, குளிர்சாதன அமுக்கி போன்ற துணைக் கருவிகள் வண்டியின் முகப்பில் இருந்தன. இயந்திரத்திலிருந்து முன்னோக்கி ஒரு நீண்ட தண்டு சென்று அவற்றைச் சுழற்றியது. எடை நடுவில் அமைந்ததால் வண்டி நிதானமாக ஓடியது. தரையும் தட்டையாக இருந்தது. ஆனால் தீப்பொறிச் செருகியை மாற்றுவதற்கும் இருக்கைப் பக்கம் பிரிக்க வேண்டிய நிலை வந்தது. முன் மூடியைத் திறந்து இயந்திரத்தைத் தேடிய பட்டறைப் பையன்களின் கதை நம்மூரில் பல உண்டு. இடம் போதாமையால் ஆறு உருளை இயந்திரத்தை அதில் வைக்க முடியவில்லை. கூடுதல் வலிமை வேண்டியபோது காற்றழுத்தியைச் சேர்த்துச் சமாளித்தார்கள்.

1992-இல் லூசிடா, எமினா என்று இரு தம்பிகள் பிறந்தன. அதே முட்டைதான், ஆனால் அகலத்தை 1.69 மீட்டராகச் சுருக்கியிருந்தார்கள். வரி குறைந்தாலும் தெரு அகலவில்லையே! 1994-இல் ஹோண்டா ஒடிசி வந்தது. வேன் கட்டும் தொழிற்கூட வரிசை ஹோண்டாவிடம் இல்லை. அக்கார்ட் மகிழுந்து செய்யும் வரிசையிலேயே இதையும் செய்ய வேண்டியிருந்ததால் ஒடிசி தாழ்வாக அமைந்தது. குறையாகத் தொடங்கியதே அதன் அழகாகிவிட்டது. 2003-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஒடிசியை 1.55 மீட்டர் உயரத்திற்குள் அடக்கியதற்கும் காரணம் உண்டு. ஜப்பானிய நகரங்களின் அடுக்கு நிறுத்தக் கோபுரங்களில் அந்த உயரம்தான் நுழையும். மூன்றாம் வரிசையில் அமர்ந்து தலை இடிபடும் நம் பிள்ளைகள் அந்தக் கோபுரங்களைத்தான் நோக வேண்டும்.

2000-இல் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்டிமாவில் இயந்திரம் முன்பக்கம் வந்தது. இருபுறமும் நகரும் கதவுகள் வந்தன. நம் சாலைகளில் மிகுதியாகக் காணப்பட்டது இதுவே. 2001-இல் மின்கலமும் பெட்ரோலும் இணைந்த கலப்பின எஸ்டிமா வெளியானது. 2002-இல் அல்பார்ட், 2006-இல் மூன்றாம் தலைமுறை எஸ்டிமா, 2008-இல் வெல்ஃபயர் எனத் தொடர்ந்தன. உயரமான அண்ணன்கள் சந்தையைப் பிடித்துக்கொள்ள, 2019-இல் எஸ்டிமாவின் உற்பத்தி நின்றது.

இவ்வண்டிகள் நம்மிடம் எப்படி வந்தன? ஜப்பானும் நம்மைப்போல் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு. ஆதலால் வண்டியை மாற்றியமைக்காமலே பயன்படுத்தலாம். அங்கே 'ஷாக்கென்' என்னும் கட்டாயப் பரிசோதனை உண்டு. புதிய தனியார் வண்டிக்கு மூன்றாம் ஆண்டில் முதல் பரிசோதனை, அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறை. செலவு அதிகம் என்பதால் மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் பலர் வண்டியை விற்றுவிடுவர். நம் நாட்டு விதியோ ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வயதுடைய பழைய வண்டிகளையே இறக்குமதி செய்ய இடமளிக்கிறது. அங்கே கழிக்கும் வயதும் இங்கே ஏற்கும் வயதும் பொருந்திப்போனதில்தான் 'ரீகோன்' வணிகம் தழைத்தது.

அந்த வணிகத்தின் திறவுகோல் ஏ.பி. எனப்படும் இறக்குமதி அனுமதி. வாகன வணிகத்தில் பூமிபுத்ராக்களின் பங்கை உயர்த்தும் நோக்கில் 1970-இல் அது தொடங்கியது. 2005-இல் அனுமதி பெற்றோரின் பட்டியல் வெளியானபோது நாடெங்கும் எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். 2010 முதல் ஒவ்வொரு திறந்த அனுமதிக்கும் 10,000 ரிங்கிட் கட்டணம் விதிக்கப்பட்டது. இதனோடு கொள்ளளவுக்கேற்ப ஏறும் கலால் வரியும் சேர்கிறது. ஆக, ரீகோன் வண்டிக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இரும்புக்கன்று, முத்திரைக்கு. வண்டி பழையதானபின் விலை இறங்கும். உதிரிபாகங்களின் விலை இறங்காது. 25,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய எஸ்டிமாவும் பெரிய வண்டிக்குரிய பராமரிப்பையே கேட்கும். குடும்ப வரவு செலவில் இதை முன்கூட்டியே எழுதிக்கொள்வது நல்லது.

இனி வண்டிக்குள் வருவோம். அதன் பிறப்பிடம் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். வேகமானி 180 கிலோமீட்டரோடு நிற்கும். வழிகாட்டிப் பெண்மணி ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்வார். ஜப்பானிய வானொலிப்பெட்டி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் 96.3-இல் ஒலிக்கும் மின்னல் எஃப்.எம். அதில் கேட்காது. அலைவரிசை மாற்றி ஒன்றைப் பொருத்தினால் கேட்கும். ஆனால் திரையில் தெரியும் எண் வேறாக இருக்கும். எங்கள் வீட்டு எஸ்டிமாவில் மின்னல் 84.3-இல்தான் வரும். பிள்ளைகள் அதையே உண்மையான எண் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள்.

எரிபொருள் மூடியில் ஜப்பானிய எழுத்தில் 'ரெகுலர்' என்றோ 'ஹை-ஆக்டேன்' என்றோ எழுதியிருக்கும். எழுத்துத் தெரியாவிட்டால் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஜப்பானின் ரெகுலர் தரம் ரோன் 89-க்குக் குறையாதது, உயர்தரம் 96-க்குக் குறையாதது. ஆகவே ரெகுலர் என்றிருக்கும் 2.4 லிட்டர் எஸ்டிமாவுக்கு நம் ரோன் 95 தாராளமாகப் போதும். உயர்தரம் கேட்கும் ஆறு உருளை வண்டிக்கு ரோன் 97 ஊற்றுவதே முறை.

அடுத்து, வண்டியின் சட்ட எண். உலகின் பல நாடுகளில் இது 17 இலக்கமுடையது. ஜப்பானிய உள்நாட்டு வண்டிகளில் ஏ.சி.ஆர். 30, ஏ.சி.ஆர். 50, ஏ.என்.எச். 10 என்பது போன்ற வகைக்குறியும் அதன்பின் ஒரு தொடரெண்ணும் மட்டுமே இருக்கும். கெரான் எனும் பதிவுச் சான்றிதழில் அதைக் காணலாம். வழக்கமாக நாங்கள் செல்லும் பட்டறைக்காரர், "வாத்தியாரே, எந்த வருச வண்டின்னு சொல்லாதீங்க, சேசிஸ் நம்பரக் கொடுங்க" என்பார். அவர் சொல்வது மெத்தச் சரி. பதிவு ஆண்டு நம் நாட்டில் இறங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். சட்ட எண்ணைக் கொண்டு வாங்கினால்தான் சரியான உதிரிபாகம் கிடைக்கும்.

இயந்திரங்களைப் பற்றியும் கூற வேண்டும். 2000 முதல் 2006 வரையிலான 2.4 லிட்டர் எஸ்டிமாவிலும் முதல் அல்பார்டிலும் இருப்பது 2 ஏ.இசட். வகை. நேரச் சங்கிலி உடையதாதலால் வார் மாற்றும் செலவு இல்லை. ஆனால் அலுமினிய உடலில் தலைப்பகுதியைப் பிடிக்கும் திருகுகளின் புரி கழன்றுவிடுவது அதன் அறியப்பட்ட நோய். குளிர்நீர் காரணமின்றிக் குறைந்தாலோ, வெப்பமானி ஏறினாலோ உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஈப்போ வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ணலாகாது. அதே இயந்திரத்தின் பிந்தைய ஆண்டுகளில் எண்ணெய் குடிக்கும் பழக்கம் தோன்றியது. மாதம் இருமுறை எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள். 3.0 லிட்டர் ஆறு உருளை வண்டிக்கு நேர வார் உண்டு. அதை 100,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். முந்தைய உடைமையாளர் மாற்றினாரா என்பதற்குச் சான்று இல்லையேல் மாற்றப்படவில்லை என்றே கொள்க. மூன்றாம் தலைமுறை 2.4 லிட்டர் எஸ்டிமாவின் கியர் சிவிடி வகையைச் சேர்ந்தது. அதற்குரிய எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.

நம் வெயிலில் முதலில் தளர்வது பின்னிருக்கைக் குளிர்சாதனம். அதற்கான குழாய்கள் வண்டியின் அடித்தளம் வழியே பின்னால் செல்கின்றன. கல்லும் சேறும் பட்டு அரித்து வாயு கசியும். கடைசி வரிசைப் பிள்ளைகள் புழுக்கம் என்று சொன்னால் வாயுவை மட்டும் நிரப்பி அனுப்பும் பட்டறையை நம்பாமல், குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். மின் கதவை இழுக்கும் கம்பிவடமும் நாளடைவில் நைந்து அறும். கதவு தடுமாறும்போதே மின்விசையை அணைத்துவிட்டுக் கையால் பயன்படுத்தினால் மோட்டாராவது தப்பும். பனிநாட்டில் ஓடிய நான்கு சக்கர இயக்க வண்டியாயின், சாலையில் தூவும் உப்பினால் அடிப்பாகம் துருவேறியிருக்கலாம். வாங்கும் முன்னர் மேலே தூக்கிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

இவை எல்லாம் பணத்தோடு போகும். காற்றுப்பை அப்படியன்று. தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பை வெடிப்பான்கள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் காலப்போக்கில் சிதைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தன. 2014-இல் சரவாக்கில் கருவுற்ற பெண்ணொருவர் அவ்வாறு இறந்தார். அந்நிறுவனம் 2017-இல் நொடித்துப்போனது. திரும்பப் பெறும் அறிவிப்புகள் ஜப்பானில் பதிவுபெற்ற உடைமையாளருக்கே செல்லும். வண்டி கப்பலேறியபின் அந்தக் கடிதம் நம் வீட்டைத் தேடி வராது. தயாரிப்பாளரின் ஜப்பானிய வலைத்தளத்தில் சட்ட எண்ணை இட்டால், அவ்வண்டிக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு நிலுவையில் உள்ளதா என்று தெரியும். இருந்தால் உள்நாட்டு முகவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ரீகோன் வண்டியின் உடைமையாளர் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது என் கவலை.

இருக்கைவாரும் அவ்வாறே. நம் நாட்டில் பின்னிருக்கையில் வார் அணிவது 2009 ஜனவரியில் கட்டாயமாயிற்று. குழந்தை இருக்கை 2020 ஜனவரியில். ஜப்பானில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருக்கை 2000 ஏப்ரலிலேயே கட்டாயமாகிவிட்டது. எனவே இந்த வண்டிகளில் ஏற்பாடு இருக்கிறது. மூன்றாம் வரிசையின் வார்கள் மட்டும் இருக்கை மடிப்பில் புதைந்து கிடக்கும். அவற்றை வெளியே எடுத்து, இழுத்து, பூட்டிப் பாருங்கள். எழுவர் அமரும் வண்டியில் பத்துப் பிள்ளைகளை அடைத்துப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

2009-இல் புரோட்டோன் எக்சோராவும் பெரோடுவா அல்சாவும் வந்தபின், ஏழு இருக்கைக்காக ஜப்பானிய ரீகோனை நாட வேண்டிய கட்டாயம் குறைந்தது. உற்பத்தி நின்ற எஸ்டிமா ஐந்தாண்டு வரம்பையும் கடந்துவிட்டதால் புதிதாக வந்து சேர வழியில்லை. இருப்பவற்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். புதிய பாகம் கிடைக்காதபோது, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் வண்டிகளை விற்கும் 'ஹாஃப்-கட்' கடைகள் கைகொடுக்கின்றன. அங்கே செல்லும்போது பழைய பாகத்தையும் சட்ட எண்ணையும் கையோடு கொண்டு செல்லுங்கள். காற்றுப்பையை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.