சாத்தான்: ஒரு சொல்லின் வரலாறு

சாத்தான் என்பது விவிலியத்தில் தீமையின் தலைவனுக்கு வழங்கும் பெயர். ‘சாடான்’ என்ற எபிரெய மூலச்சொல்லுக்கு எதிர்த்து நிற்பவன், குற்றஞ்சாட்டுபவன் என்று பொருள். தொடக்கத்தில் இது யாருடைய பெயரும் அல்ல. எண்ணாகமத்தில் பிலேயாமின் கழுதையை வழிமறிக்கும் தேவதூதனுக்கே இச்சொல் ஆளப்படுகிறது. சாலொமோனுக்குப் பகையாக எழும்பிய ஏதோமியன் ஆதாதும் ஒரு சாடான்தான். யோபு நூலில் இறைவனின் அவையில் வந்து நிற்கும் சாடானுக்கும் அது பதவிப் பெயர் போலவே வருகிறது. இரண்டாம் சாமுவேல் 24இல் மக்களைக் கணக்கெடுக்கத் தாவீதைத் தூண்டுவது கர்த்தரின் கோபம். பிற்காலத்து ஒன்றாம் நாளாகமம் 21இல் அதே வேலையைச் செய்பவன் சாத்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், பொதுச்சொல் ஓர் ஆளாக மாறியது கண்முன் தெரியும்.

விவிலியத்தில் வரும் இதுபோன்ற பிற பெயர்களுக்கும் வரலாறு உண்டு. பேலியாள் என்பதற்குப் பயனற்றது என்று பொருள் கூறுவர். பாகால்சேபூப் எக்ரோன் ஊரின் தெய்வம். ‘ஈக்களின் தலைவன்’ என்று பொருள்தரும் இது அயலார் கேலியாகத் திரித்த பெயர் என்பது பலர் கருத்து. லேவியராகமம் 16இல் வரும் அசாசேலைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் வாசகர் அறியமாட்டார். ‘போகும் ஆடு’ என்று சொல்லைப் பிரித்த பழைய வழக்கையொட்டி, தமிழில் அது ‘போக்காடு’ ஆகிவிட்டது. அழகான தமிழ், ஆனால் ஒரு பெயர் காணாமற்போனது.

உபாகமம் 32இல் ‘பேய்கள்’ என்று பெயர்க்கப்பட்ட ‘ஷேதிம்’ இன்னும் சுவையானது. அதன் உறவுச்சொல்லான அக்காதிய ‘ஷேது’, வாசலில் நின்று காக்கும் நல்ல ஆவியையும் குறித்தது. ஓர் ஊரின் காவல் தெய்வம் அடுத்த ஊர்க்காரனுக்குப் பேய். மலேசியாவின் பால்மர (ரப்பர்) தோட்டங்களின் எல்லையில் காவல் தெய்வமாக முனியாண்டியைக் கும்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

 மலேசியாவில், பேராக் மாநிலத்தின் அரச நகரும் தமிழர் வாழும் ஊருமான கோலா கங்சாரில் சாத்தான் என்ற சொல்லின் கிளைகள் அருகருகே காதில் விழும். தேவாலயத்தில் சாத்தான், மலாய்க்காரர் பேச்சில் ஷைத்தான், தமிழ் முஸ்லிம்களிடம் சைத்தான். பின்னிரண்டும் அரபு வழி வந்தவை. அந்த அரபுச் சொல் எபிரெயத்துக்கு உறவு. உடன் வழங்கும் ‘இப்லீஸ்’ கிரேக்க ‘தியாபொலொஸ்’ என்பதன் திரிபு என்பர் அறிஞர் பலர். அதே கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் விவிலியம் கொண்ட ‘பிசாசு’ வடமொழியிலிருந்து வந்தது.

மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனாரின் பெயரிலும், இலக்கண உரைகளின் ‘சாத்தன் வந்தான்’ என்ற எடுத்துக்காட்டிலும் உள்ள சாத்தன் வேறு. ஐயனாருக்கும் வழங்கிய அப்பெயருக்கும் இந்தச் சாத்தானுக்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவில்லை.