கேம்பிரிட்ஜில் கண்ட பிபிசி கம்ப்யூட்டர்

கேம்பிரிட்ஜ் என்றால் நம்மவர்களுக்கு நியூட்டன், ராமானுஜன், டிரினிட்டி கல்லூரி. மகள் வீட்டிலிருந்து நானும் அதைப் பார்க்கத்தான் போனேன். மறுநாள் நல்ல மழை. "தாத்தா, வீடியோ கேம் மியூசியம் போலாம்" என்று பேத்தி பிடித்த பிடிவாதத்தில், கோல்டாம்ஸ் லேன் பக்கம் கிடங்கு மாதிரி இருந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தோம். கணிப்பொறி வரலாற்று மையம் என்று பெயர். 2013 முதல் அங்கே இருக்கிறது.

உள்ளே ஒரே சத்தம். பழைய பெட்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தட்டலாம். அட்டாரி, 1981-ல் 69.95 பவுனுக்கு விற்ற ஒரே ஒரு கிலோபைட் நினைவகம் கொண்ட சின்க்ளேர் இசட்எக்ஸ்81, அடுத்த ஆண்டு வந்த ஸ்பெக்ட்ரம்... பேத்தி அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். நான் நின்றுவிட்டது 1980-களின் பள்ளி வகுப்பறை போல ஜோடித்திருந்த மூலையில். வரிசையாக பிபிசி மைக்ரோ. வெளிர்மஞ்சள் பெட்டி, மேல்வரிசையில் பத்து சிவப்புப் பொத்தான்கள். ஒன்றைப் போட்டேன். முதலில் ஒரு கனத்த குரல், பிறகு ஒரு கீச். முப்பது வருஷத்துக்கு மேல் கேட்காத சத்தம்!

இதன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொதுமக்களுக்குக் கணிப்பொறி கற்றுத்தர பிபிசி ஒரு தொலைக்காட்சித் தொடர் திட்டமிட்டது; அதற்குத் துணையாக ஒரு கருவியும் தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜிலிருந்த ஏகார்ன் என்ற சின்ன கம்பெனி ஒரே வாரத்தில் மாதிரி செய்து காட்டி ஆர்டரைப் பிடித்தது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் அந்த வடிவமைப்பில் முக்கியமானவர்கள். 1981 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 32 கிலோபைட் நினைவகம். பிள்ளைகள் முரட்டுத்தனமாகத் தட்டினாலும் தாங்கும்படி செய்த பெட்டி அது.

நம் நாட்டுக்கும் இது வந்தது. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கி, முதலில் 250 பள்ளிகளுக்கு இதைத்தான் கொடுத்தது. மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது.

அப்போது நான் தில்லியில் ஒரு பள்ளியில் பௌதிக ஆசிரியர். கம்ப்யூட்டர் அறையின் சாவி என்னிடம். இங்கிலாந்தில் 399 பவுன் விலை. அந்நாளில் பவுன் சுமார் 16 ரூபாய். டிவிப்பெட்டி, டிஸ்க் டிரைவ் எல்லாம் தனி. என் நாலு மாசச் சம்பளத்துக்கு மேல். கெட்டுப்போனால் யார் பொறுப்பு? செருப்பை வெளியே கழற்று, தள்ளி நில், தொடாதே. வகுப்பில் நான் தட்டுவேன், பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள். மணி அடித்ததும் உறை போட்டுப் பூட்டிவிடுவேன். மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்பிக்கலாம். அவ்வளவு கெடுபிடியாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. 'சார், ஒரே ஒரு தடவை' என்று தினமும் வாசலில் நின்ற ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் அத்தனையும் உறையோடு கபாடிக்காரனிடம் போயிற்று.

அதே 1985 ஏப்ரல் 26-ல், வில்சனும் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லு வேலை செய்தது. அதை எதில் பொருத்திச் சோதித்தார்கள்? இதே பிபிசி மைக்ரோவில்தான். இன்று நம் கைப்பேசிகளில் இருப்பது அந்த வம்சம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இதற்கு 'எலீட்' என்றொரு விண்வெளி விளையாட்டு எழுதினார்கள். எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலங்கள். இத்தனையையும் 32 கிலோபைட்டில் சேமித்து வைக்க இடமேது? சேமிக்கவே இல்லை. ஒரு தொடக்க எண்ணிலிருந்து, திரும்பத் திரும்பக் கூட்டிக்கூட்டி, ஒவ்வொரு மண்டலத்தின் பெயரையும் இடத்தையும் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்ளும். தொடக்க எண் ஒன்றே என்பதால் விடையும் மாறாது. இருபது வயசுப் பிள்ளைகள்! இயந்திரத்தோடு இரவு பகலாக விளையாடாமல் இந்த யோசனை வருமா?

ஓடவிட்டால் பழசு கெடத்தான் செய்யும். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் ஒரு கண்டென்சர் வயசானால் விரிசல் விட்டுப் புகையும், நாற்றம் சகிக்காது. அதை மாற்றினால் பெட்டி மறுபடி ஓடும்.

பேத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வரி நிரல் சொல்லிக்கொடுத்தேன். அவள் பெயர் திரை முழுக்க ஓடியது. "நிறுத்தறது எப்படி தாத்தா?" "எஸ்கேப்பை அமுக்கு." "உடைஞ்சிடாதே?" "உடையாது, அமுக்கு."

சங்க அன்பர்கள் யார் வீட்டுப் பரணிலாவது 'யூனிகார்ன்' என்று எழுதிய பெட்டி கிடந்தால், கபாடிக்காரனைக் கூப்பிடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். கண்டென்சர் மாற்ற இப்போது கற்றுக்கொண்டுவிட்டேன்.