கஸ் தட்டியும் நம்ம ஊர் வெட்டிவேரும்

ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்கள் என்று பட்டியல் போடுபவர்கள் கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு என்று அடுக்குவார்கள். வெட்டிவேரைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். பிரெஞ்சுக்காரன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு 'வெத்திவேர்' என்கிறான். பாரிஸ் கெர்லான் கம்பெனி அந்தப் பெயரிலேயே சென்ட் விற்கிறது. மண்ணை வெட்டி எடுக்கிற வேர், அவ்வளவுதான் விஷயம்.

வடக்கே வந்து குடியேறிய நம்மவர்களுக்கு இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் பெயர். இங்கே அது 'கஸ்'. கடையில் போய் 'கஸ்கஸ்' என்று இரட்டித்துக் கேட்டால் கசகசாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். என் மகளுக்கோ கஸ் என்றால் பச்சை கலர் ஷர்பத். ஊரில் பாட்டி பானைத் தண்ணீரில் போட்டு வைப்பாரே, அந்த வேர்தான் இது என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

ஆனால் இந்த வேரை வைத்து வட இந்தியா செய்த காரியம் நம் பானைத் தண்ணீரை விடப் பெரியது. வீட்டையே மணக்க வைத்தார்கள், கூடவே குளிரவும் வைத்தார்கள்.

அக்பரின் அரசவை வரலாற்றை எழுதிய அபுல் ஃபஸல், 'ஐன்-இ-அக்பரி'யில் வாசனைக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். அரச மண்டபத்தில் தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த தூபக்கால்களில் தினமும் அகிலும் அம்பரும் புகைந்தன என்கிறார். அது ராஜா வீட்டுச் சமாச்சாரம், விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது அவர் கஸ் பற்றிச் சொல்வது. வேரை மூங்கில் சட்டத்தில் அடைத்துச் சிறு அறைகள் கட்டும் வழக்கம் அக்பரின் ஆணையால் பரவியது, அதன்மேல் தண்ணீர் தெளித்தால் கோடையின் நடுவே குளிர்காலம் வந்துவிடும் என்று எழுதுகிறார். இதற்குப் பெயர் கஸ்கானா. 1660களில் டில்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியரும் பெரிய வீடுகளின் தோட்டத்து நடுவே இப்படிப்பட்ட அறைகளைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் கட்டுவார்களாம், ஆட்கள் வெளியே நின்று தண்ணீர் ஊற்ற வசதியாக.

வெள்ளைக்காரன் வந்தபோது முழு அறை தேவைப்படவில்லை. ஜன்னலிலும் வாசலிலும் மாட்டும் 'தட்டி' போதும் என்று ஆக்கிக்கொண்டான். இந்தியில் டட்டி, இங்கிலீஷில் 'டாட்டி'. 1830களில் இதை ஒரு யந்திரமாகவே ஆக்கினார்கள். பெரிய மரப்பெட்டி, உள்ளே கையால் சுற்றும் காற்றாடி, பக்கங்களில் நனைந்த கஸ் தட்டி. 'தெர்மான்டிடோட்' என்று வாயில் நுழையாத பெயர். இன்று நம் பால்கனியில் நிற்கிற கூலரின் பாட்டனார் அதுதான்.

இது ஏன் இங்கே வேலை செய்தது, நம் கடற்கரை ஊர்களில் ஏன் பெரிதாக எடுபடவில்லை? மே, ஜூன் மாதங்களில் மேற்கேயிருந்து அடிக்கும் 'லூ' காற்றில் ஈரமே கிடையாது. அது நனைந்த வேருக்குள் புகுந்து வரும்போது தண்ணீர் ஆவியாகிறது, ஆவியாவதற்கான வெப்பம் காற்றிலிருந்தே போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பேங்க் புத்தி, விடாது). ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் வெப்பம் சுமார் 12,600 கிலோஜூல். அதாவது ஐந்தேகால் லிட்டர் தண்ணீர், ஒரு மணி நேரத்தில் முழுசாக ஆவியானால், ஒரு டன் ஏ.சி.க்குச் சமம்! சென்னையிலோ மும்பையிலோ காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அங்கே தட்டியை நனைத்தால் வாசனை கிடைக்கும், குளிர்ச்சி அவ்வளவாகக் கிடைக்காது.

வாசனைக்கும் அந்த ஈரமே காரணம். காய்ந்த வேரை மோந்தால் லேசாகத்தான் இருக்கும், நனைத்தால்தான் எழும்பும். அதிலுள்ள எண்ணெய் கனமானது, மல்லிகை மாதிரி சட்டென்று பறந்து போகாது. அதனால்தான் ஒரு கோடை முழுக்கத் தாங்குகிறது. கான்பூர் பக்கத்துக் கன்னோஜில் இதே வேரைச் செப்புப் பாத்திரங்களில் காய்ச்சி 'ரூஹ் கஸ்' எடுக்கிறார்கள். செம்பு பட்டுப் பட்டு அது பச்சையாகவே இறங்கும். ஷர்பத்தின் பச்சை வேறு, அது டப்பா கலர்.

இயற்கை முறை, நம் முன்னோர் எவ்வளவு புத்திசாலிகள் என்று இங்கேயே நிறுத்திக்கொள்வது சுலபம். ஆனால் தட்டி தானாக நனையாது. வெளியே லூ அடிக்கிற வெயிலில் ஒரு ஆள் தோல்பையில் தண்ணீர் சுமந்து வந்து, தட்டி காயக் காய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிஷ்டி என்று அவர்களுக்குப் பெயர். தெர்மான்டிடோட்டின் கைப்பிடியைச் சுற்றியவரும் வெயிலில்தான் நின்றார். உள்ளே குளிர்காலம் அனுபவித்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் நமக்குக் கிடைக்கின்றன. வெளியே நின்றவர்கள் ஒன்றும் எழுதவில்லை. கஸ் தட்டியை ஏ.சி. கொன்றுவிட்டது என்று புலம்புபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த ஆளின் வேலையை முதலில் எடுத்துக்கொண்டது கூலரின் சின்ன மோட்டார் பம்ப். அதற்காக நான் வருத்தப்படத் தயாரில்லை.

வருத்தம் வேறொன்றில். கூலர் வந்தபோது வேரை எடுத்துவிட்டு மலிவான மரச்சீவலை அடைத்தார்கள், பிறகு தேன்கூடு மாதிரி அட்டை வந்தது. குளிர்ச்சி நின்றது, மணம் போயிற்று. போன மணத்தை ஸ்ப்ரே டப்பாவில் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நம் பக்கத்து இன்னொரு வாசனையான சாம்பிராணியும் இப்படித்தான் ஊர் சுற்றி வந்த சரக்கு. சுமத்ரா காட்டு மரப்பிசின் அது. அந்தத் தீவின் பாருஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. கப்பலில் வருபவர்கள் கஸ்தூரி விலையை வைத்துக் கணக்கிட்டுப் பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்கிறது அது. கற்பூரமும் சாம்பிராணியும் ஏற்றுமதியான துறைமுகம் அது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்மாட்கள் அங்கே உட்கார்ந்து வசூல் பண்ணியிருக்கிறார்கள்! ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாம்பிராணி முற்றம் வைத்த வீட்டுக்கு ஏற்பட்டது. ஜன்னல் சாத்திய ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் அது முதலில் புகை, அப்புறம்தான் வாசனை. வெள்ளிக்கிழமை போடுகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போடுங்கள்.

வெட்டிவேர் அந்தத் தொல்லை இல்லாதது. கோடை தொடங்கும்போது இங்கே சந்தையில் கஸ் பாய் விற்பார்கள். கூலர் அளவுக்கு வெட்டி, இருக்கிற பேடுக்கு மேலே ஒரு அடுக்காகக் கட்டினால் போதும். கூலர் இல்லாதவர்கள் காற்று வரும் ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கலாம். வாரம் ஒரு நாள் வெயிலில் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து முடை நாற்றம் அடிக்கும். மழை தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு அதனால் பிரயோஜனம் இல்லை. நன்றாகக் காய்ந்த துண்டுகளைப் பட்டுப்புடவை அலமாரியில் ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் கடலூர்ப் பக்கம் போனால் அங்கேயே வாங்கி வரலாம். கடலோர மணல் கிராமங்களில் பயிராகவே போடுகிறார்கள். மணலில் விளைந்த வேர் உடையாமல் நீளமாக வரும்.