பெல்ஜியம் அனுப்ப மறுத்த புத்தகங்கள்

எங்கட குழுவில் இருக்கிறவர்களில் பாதிப் பேரின் வீடுகளிலாவது ஒரு காலத்தில் மொஸ்கோவில் அச்சான தமிழ்ச் சிறுவர் புத்தகம் ஒன்று இருந்திருக்கிறது. நாங்கள் வாங்கியவை இல்லை. அம்மாவோ மாமாவோ சின்ன வயதில் வாங்கி, இடம்பெயர்வுகளிலும் எப்படியோ தப்பி வந்தவை. அட்டை கழன்று, தைத்த நூல் வெளியில் தெரியும். உள்ளுக்குப் படங்களின் நிறம் மட்டும் மங்கியிராது. பனியில் சறுக்குகிற பிள்ளைகள், கம்பளித் தொப்பி, சமோவார், கரடி.

முன்னேற்றப் பதிப்பகமும், 1982 இல் அதிலிருந்து பிரிந்து வந்த ராதுகாவும் இவற்றை வெளியிட்டன. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மொஸ்கோவில் இருந்துகொண்டே தமிழாக்கம் செய்தார்கள். 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு எல்லாம் நின்று போச்சு. ஆனால் எங்களுக்கு நெடுநாளாகத் தெரியாமல் இருந்த ஒரு விசயம் உண்டு. அதே மொஸ்கோவில் சிங்களத்திலும் சிறுவர் புத்தகங்கள் அச்சாகி இந்த நாட்டுக்கு வந்திருக்கின்றன. அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையும் காலியில் ஒரு பிள்ளையும் அந்தப் பனியையும் அந்தக் கரடியையும் பார்த்தே வளர்ந்திருக்கினம். ஒருத்தரை ஒருத்தர் மட்டும் பார்க்கேல்ல.

இந்த யோசனையோடுதான் ஜெல்லா லெப்மனின் கதைக்குள் போனோம்.

அதற்கு முதல் சின்ன விலகல் ஒன்று. ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கான படப்புத்தகம் என்று எல்லாரும் முதலில் சொல்லுகிற நூலே ஒரு அகதி எழுதியதுதான். கொமேனியஸ் என்ற செக் ஆசிரியர், மத யுத்தத்தில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர். 1656 இல் அவர் தங்கியிருந்த போலந்து நகரமான லெஸ்னோ எரிக்கப்பட்டபோது, பல ஆண்டுகள் உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. 1981 இல் யாழ்ப்பாணத்தில் எரிந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு வருடம் கழித்து, 1658 இல், நியூரம்பேர்க்கில் அவருடைய ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ வெளிவந்தது. 150 படங்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்கு நேரே இலத்தீனிலும் ஜேர்மனிலும் சொல். யூதர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் கூடத் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. ஆனால் அவை கிறிஸ்தவர் ஒருவர் வெளியில் நின்று தீர்ப்புச் சொல்லுகிற பக்கங்கள். படத்தில் இடம் கிடைத்தவுடன் மரியாதையும் கிடைத்துவிடாது என்பதை அந்தப் பழைய புத்தகத்திலேயே பார்க்கலாம்.

இனி லெப்மன். 1891 இல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதிலேயே புகையிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக வாசிகசாலை ஒன்றை நடத்தினார். பிறகு பத்திரிகையாளர். கணவர் 1922 இல் இறந்துவிட, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். நாஜிகள் வந்ததும் வேலை போனது. 1936 இல் பிள்ளைகளோடு இலண்டனுக்குத் தப்பினார். 1945 இலையுதிர் காலத்தில், 54 வயதில், அமெரிக்க இராணுவத்தின் சீருடையோடு ஜேர்மனிக்குத் திரும்பி வந்தார். பெண்கள், சிறுவர் விவகாரங்களுக்கான ஆலோசகர் என்பது அவருக்குக் கொடுத்த பதவி.

தன் இனத்தை அழித்த நாட்டுக்குத் திரும்பிப் போவது சின்ன முடிவு இல்லை. போகலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்துத்தான் போனார். அங்கே கண்டது இடிபாடுகளுக்குள் திரிகிற பிள்ளைகளை. அவர்களுக்குச் சாப்பாடும் உடுப்பும் வேணும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. லெப்மன் புத்தகமும் வேணும் என்றார். அப்போது ஜேர்மனியில் மிஞ்சியிருந்த சிறுவர் புத்தகங்களில் பெரும்பகுதி நாஜிகளின் காலத்து விசம் ஏறியவை. புதிதாக அச்சடிக்கக் கடதாசி இல்லை. அப்ப, வெளிநாடுகளிடம் கேட்பம் என்று இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். காசு கேட்கவில்லை. உங்கள் பிள்ளைகள் விரும்பி வாசிக்கிற புத்தகங்களை அனுப்புங்கள், ஒரு கண்காட்சி வைக்கப் போகிறோம் என்றார். மொழி விளங்காவிட்டாலும் பிள்ளைகளால் படத்தை வாசிக்க முடியும் என்பது அவருடைய கணக்கு. அதனால் படப்புத்தகங்களைக் குறிப்பாகக் கேட்டார்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடிதம் போனவற்றுள் ஜேர்மன் படைகள் மிதித்த நாடுகளும் இருந்தன. ஆனாலும் புத்தகங்கள் வந்தன. பெல்ஜியம் மட்டும் மறுத்தது. இரண்டு தடவை ஜேர்மனியரால் ஆக்கிரமிக்கப்பட்ட நாடு அது. கோபப்பட அவர்களுக்கு உரிமை இருந்தது. லெப்மன் அதைப் பிழை சொல்லவில்லை. திரும்பவும் எழுதினார். மூன்றாவது ஆக்கிரமிப்பு நடக்கக்கூடாது என்றால் இந்தப் பிள்ளைகள் உங்கட பிள்ளைகளை அறியவேணும் என்ற பொருள்படக் கேட்டார். அதற்குப் பிறகு பெல்ஜியத்திலிருந்து வந்த பெட்டி, வந்தவற்றில் நல்ல தொகுப்புகளில் ஒன்றாக இருந்தது.

கண்காட்சி 1946 யூலையில் மியூனிக்கில் ‘ஹவுஸ் டெர் குன்ஸ்ட்’ மண்டபத்தில் திறக்கப்பட்டது. அந்த இடத்தையும் சும்மா எடுக்கவில்லை. 1937 இல் நாஜிகள் தங்கள் ‘தூய’ கலையைக் காட்டத் திறந்த மண்டபம் அது. யுத்தம் முடிந்ததும் அதன் ஒரு பகுதி அமெரிக்க அதிகாரிகளின் கழகமாகியிருந்தது. அதே சுவருக்குள் பல நாடுகளின் சிறுவர் புத்தகங்களும் பிள்ளைகள் கீறிய படங்களும் வந்து நின்றன. பிறகு கண்காட்சி ஸ்டுட்கார்ட், பிராங்பேர்ட், பேர்லின் என்று பயணம் போனது.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது பேர்லின் கதை. பிள்ளைகள் புத்தகங்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதை லெப்மனால் தாங்க முடியவில்லை. மன்ரோ லீஃப் எழுதி றொபர்ட் லோசன் படம் கீறி 1936 இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பெர்டினாண்ட்’ என்ற கதையைத் தானே ஜேர்மனுக்கு மொழிபெயர்த்தார். ஸ்பெயின் நாட்டுக் காளை ஒன்று சண்டை போட விரும்பாமல் மரத்தடியில் இருந்து பூ மணக்கிற கதை. பத்திரிகை அடிக்கிற மலிவுக் கடதாசியில் 30,000 பிரதிகள் அச்சாகின. நத்தார் காலத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். தொழில்நுட்பம் என்றதும் எங்களுக்கு ‘டெப்’தான் ஞாபகம் வருகிறது. அந்த நேரத்துத் தொழில்நுட்பம் நியூஸ்பிரின்ற்!

1949 செப்டெம்பர் 14 அன்று மியூனிக்கில் சர்வதேச இளையோர் நூலகம் திறக்கப்பட்டது. றொக்ஃபெல்லர் அறக்கட்டளை காசு கொடுத்தது. பிள்ளைகள் அலுமாரியில் தாங்களே புத்தகம் எடுக்கலாம், படம் கீறலாம், வேறு மொழி படிக்கலாம், வாசித்ததைப் பற்றிக் கூடியிருந்து கதைக்கலாம். அதே வருடம் வந்த எரிக் கெஸ்ட்னரின் ‘மிருகங்களின் மாநாடு’ நாவலுக்கு யோசனை கொடுத்ததும் லெப்மன்தான். 1953 இல் சூரிச்சில் சிறுவர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பு உருவானது. 1967 முதல் அன்டர்சனின் பிறந்தநாளான ஏப்ரல் 2 ஐ உலக சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நூலகம் 1983 இல் புளூட்டன்பேர்க் என்ற பழைய கோட்டைக்குள் குடிபுகுந்தது. இப்போது அங்கே ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள்.

இந்தக் கதையைத் தேவதைக் கதையாக்கி விடவும் கூடாது. புத்தகங்களை ஏற்றிப்போன லொறி ஆக்கிரமிப்பு இராணுவத்தின் லொறி. ஜேர்மனியரைத் ‘திருத்துவது’ என்ற அமெரிக்கத் திட்டத்துக்குள் தான் லெப்மனுக்கு இடம் கிடைத்தது. எங்கட வீட்டு மொஸ்கோப் புத்தகங்களும் அப்படித்தான். ஒரு வல்லரசு தன் முகத்தை வடிவாகக் காட்ட மலிவு விலையில் அனுப்பியவை. அதற்காக அந்தக் கரடியில் எங்களுக்கு இருக்கிற அன்பு குறையப் போவதில்லை. ஆனால் லொறி யாருடையது என்று கேட்கப் பழகவேணும்.

கணினிக்காலத்துக்கு வந்தால், லெப்மனின் யோசனையின் பேரப்பிள்ளை ஒன்று 2002 இல் அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சர்வதேச சிறுவர் எண்ணிம நூலகம். 100 மொழிகளில் 10,000 புத்தகங்களை இணையத்தில் இலவசமாக வாசிக்க வைப்பது அவர்களின் இலக்கு. வடிவமைப்பில் சிறுவர்களையே பங்காளிகளாகச் சேர்த்தார்கள். பெரியவர்கள் ஆசிரியர் பேர், தலைப்பு என்று தேட, பிள்ளைகளுக்கு அட்டையின் நிறத்தை வைத்துத் தேட வேண்டியிருந்தது. அப்படியே செய்து கொடுத்தார்கள். சிவப்பை அழுத்தினால் சிவப்பு அட்டைப் புத்தகங்கள் வரும். எந்த நூலகத்திலும் ‘அந்தப் பச்சைப் புத்தகம்’ என்று கேட்டுத் திட்டு வாங்கிய எங்களுக்கு இதைவிட நியாயமான தேடல் தெரியாது. ஆனால் இலக்கில் பாதியைக்கூட அவர்களால் எட்ட முடியவில்லை. பதிப்புரிமை பெரிய மதில். 2015 இல் பெங்களூரின் பிரதம் புக்ஸ் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ அந்த மதிலை வேறு விதமாகக் கடந்தது. திறந்த உரிமத்தில் கதைகளைப் போட்டுவிட்டு, யாரும் மொழிபெயர்க்கலாம் என்று விட்டார்கள். தமிழும் சிங்களமும் அங்கே உண்டு. போனில் இரண்டையும் அருகருகே திறந்து பார்க்கலாம்.

திறந்து பார்க்கிறமா? அதுதான் கேள்வி. இந்த நாட்டில் பிள்ளைகள் மொழிமூலத்தால் பிரிந்து படிக்கினம். மற்ற இனத்துப் பிள்ளையை நாங்கள் முதலில் சந்தித்தது பாடப்புத்தகப் படத்தில். கைகோர்த்து நிற்கிற நாலு பிள்ளைகள்: ஒருத்தருக்குத் தொப்பி, ஒருத்தருக்குப் பொட்டு, ஒருத்தருக்கு வெள்ளைச் சட்டை. மலையகம் என்றால் கூடை சுமந்த அம்மா. அதற்கு மேல் அவர்களுக்கு வாழ்க்கை கிடையாது. அந்தப் பிள்ளை எதுக்குப் பயப்படும், அதன் அம்மம்மா என்ன சொல்லி ஏசுவா, மழை வந்தால் எங்க ஒதுங்கும் என்று அந்தப் படம் சொல்லவில்லை. உடுப்பும் உணவும் பண்டிகையும் மட்டும்தான் பண்பாடு என்றால், கொமேனியஸின் பக்கத்தைவிட நாங்கள் கனதூரம் வந்துவிடேல்ல.

அதனால்தான் இந்த வருடம் வன்னியில் ஒரு முன்பள்ளிக்கு வாசிக்கப் போகும்போது, சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹோரா’வைக் கொண்டு போனோம். காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் பிறந்து, தன் கதைகளுக்குத் தானே படம் கீறி, 2020 இல் காலமானவர். குடையே இல்லாத ஒரு கிராமத்து மனிதர் பட்டணத்தில் குடை வாங்கி வருகிறார், அது களவு போகிறது, திரும்ப வாங்குகிறார், திரும்பவும் போகிறது. 1956 இல் வந்த கதை. ஜப்பானியப் பிள்ளைகள்கூட வாசித்திருக்கினம். எங்களில் ஒருவருமே சின்ன வயதில் இந்தப் பேரைக் கேள்விப்பட்டதில்லை.

முதலில் படங்களைப் போனில் எடுத்துச் சுவரில் பெரிதாக விழுத்தினோம். அது அவ்வளவு சரிவரேல்ல. வெளிச்சம் கூட, பிள்ளைகள் கதையை விட்டிட்டு நிழலில் கை காட்டி விளையாடத் தொடங்கிட்டினம். பிறகு மெசினை நிப்பாட்டிவிட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துச் சுற்றியிருந்து வாசித்தோம். இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு போகிற படம் வந்ததும் ஒரு பிள்ளை, “எங்கட அம்மம்மாவும் வாழையிலை பிடிக்கிறவா” என்றது. இன்னொன்று எழுத்தைத் தொட்டுப் பார்த்து, “இது பஸ்ஸில இருக்கிற எழுத்து” என்றது. கள்ளன் யார் என்று தெரிந்தபோது எழும்பின சத்தத்தில் பக்கத்து வளவுக்காரர் எட்டிப் பார்த்தார்.

புத்தகத்தை அங்கேயே விட்டிட்டு வருவதாகத்தான் இருந்தது. தமிழ் வசனங்களைத் துண்டுக் கடதாசியில் எழுதி, சிங்கள வரிகளுக்கு மேல் ஒட்டித் தாறம் என்று ஆசிரியையிடம் சொன்னோம்.

“மேல ஒட்டாதேங்கோ தம்பியவை,” என்றா அவ. “கீழ ஒட்டுங்கோ. அந்த எழுத்தையும் வாசிச்சுக் காட்டச் சொல்லிப் பிள்ளையள் கேட்குதுகள். நானும் இனித்தான் படிக்கவேணும்.”