அயனிப் பரிமாற்றப் பிசின் வழி உலோக மீட்பு

அயனிப் பரிமாற்றப் பிசின் வழி உலோக மீட்பு என்பது, நீரில் கரைந்துள்ள உலோக அயனிகளைச் செயற்கைப் பிசின் மணிகளில் பிடித்து, பின்னர் குறைந்த அளவு கரைசலில் செறிவாகக் கழுவி எடுக்கும் முறையாகும். உலோகம் மிகக் குறைவாக உள்ள கரைசல்களுக்கே இது ஏற்றது. செறிவு மிக்க கரைசல்களில் பிசின் விரைவில் நிரம்பிவிடும். அங்கு வீழ்படிவாக்கலோ மின்னாற்பகுப்போ மலிவாக அமையும்.

பிசின் வகைகள்

1935 இல் இங்கிலாந்தில் ஆடம்சு, ஓம்சு ஆகிய இருவரும் பீனால்-பார்மால்டிகைடு வகைப் பிசின்களை உருவாக்கினர். இன்று பெரும்பாலும் டைவினைல்பென்சீனால் குறுக்குப் பிணைக்கப்பட்ட பாலிசிட்டைரீன் மணிகள் பயன்படுகின்றன. சல்போனிக் அமிலத் தொகுதி கொண்டவை நேர்மின் அயனிகளையும், நான்கிணைய அமோனியத் தொகுதி கொண்டவை எதிர்மின் அயனிகளையும் பிடிக்கும். சல்போனிக் பிசின் செம்பையும் கால்சியத்தையும் போதிய அளவு வேறுபடுத்துவதில்லை. ஆகவே கழிவுநீரிலிருந்து செம்பு, நிக்கல் போன்றவற்றைப் பிரிக்க இமினோடைஅசிட்டிக் அமிலத் தொகுதி கொண்ட கொடுக்கிணைப்புப் பிசின்கள் தேவைப்படுகின்றன.

யுரேனியம்

இம்முறை பேரளவில் வெற்றி பெற்றது யுரேனியத்தில்தான். கந்தக அமிலத்தில் கரைக்கப்பட்ட யுரேனியம், சல்பேட்டுடன் சேர்ந்து நான்கு எதிர்மின்சுமை கொண்ட அணைவு அயனியாகிறது. உடன் கரைந்த உலோகங்களுள் பல நேர்மின் அயனிகளாகவே இருப்பதால், எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் பிசின் வழியே அவை தங்காமல் வெளியேறுகின்றன. பெரிக் இரும்பு மட்டும் ஓரளவு போட்டியிடும். பிடிபட்ட யுரேனியத்தை அமிலம் கலந்த உப்புக் கரைசலால் கழுவி எடுத்து, அமோனியா அல்லது மக்னீசியாவால் வீழ்படிவாக்குவர். சார்க்கண்டு மாநிலத்தின் சாதுகுடா ஆலையிலும் அயனிப் பரிமாற்றமே கையாளப்படுகிறது.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்சிராண்டு பகுதியில் 1950களில் இம்முறை பரவியபோது எதிர்பாராத இடர் ஒன்று எழுந்தது. தங்கம் எடுத்தபின் எஞ்சிய கழிவிலிருந்து யுரேனியம் எடுக்கப்பட்டதால், அதில் தங்கியிருந்த கோபால்ட்டு சயனைடு அணைவுகள் பிசினில் ஏறின. வழக்கமான கழுவலில் அவை இறங்கவில்லை. சுழற்சிக்குச் சுழற்சி பிசினின் கொள்ளளவு குறைந்தது. இது பிசின் நச்சாதல் எனப்படும். சிலிக்காவும் இவ்வாறே படிந்து துளைகளை அடைக்கும்.

தங்கம்

தங்க சயனைடு அணைவை வலிய காரப் பிசின்கள் மிக இறுக்கமாகப் பிடிக்கின்றன. பிடிப்பது எளிது, விடுவிப்பதே கடினம். சாதாரண உப்புக் கரைசல் இதற்குப் போதாது. உசுபெக்கிசுத்தானின் முருந்தாவு சுரங்கத்தில், அரைத்த தாதுக் குழம்பை வடிகட்டாமலேயே பிசினுடன் கலந்து, பின் அமிலம் சேர்த்த தயோயூரியாவால் தங்கம் பிரிக்கப்படுகிறது. வடிகட்டும் செலவு நீங்குவது இதன் பெரும் பயன்; மணிகள் உராய்ந்து உடைந்தால் அவற்றோடு தங்கமும் கழிவில் போய்விடும்.

முலாம் பூசும் ஆலைகளின் கழுவுநீரிலிருந்து குரோமேட்டை மீட்கவும் பிசின் பயன்படுகிறது. எனினும் குரோமேட்டு வலிய ஆக்சியேற்றி என்பதால் பிசினையே மெல்லச் சிதைக்கும்.