வேத் மேத்தாவின் வாழ்க்கை நூல்கள்

உடற்குறையுடையோரைப் பற்றிப் பிறர் எழுதிய கதைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவற்றில் இரக்கம் இருக்கும், வியப்பு இருக்கும், அவ்வாழ்வை வாழ்ந்தவரின் குரல் மட்டும் பெரும்பாலும் இராது. அக்குரலை உலகம் கேட்கச் செய்த நூல்களுள் ஒன்று, அமெரிக்காவில் ஹெலன் கெல்லர் 1903-இல் வெளியிட்ட சுயசரிதை. நம் நாட்டில் பிறந்த ஒருவரும் அவ்வழியில் நெடுந்தூரம் நடந்தார். அவர் வேத் மேத்தா. அவருடைய நூல்கள் தோன்றிய வரலாற்றை இங்கே காண்போம்.

மேத்தா 1934-இல் லாகூரில் பிறந்தார். நான்கு வயது நிறையுமுன் மூளையுறை அழற்சி என்னும் கொடிய காய்ச்சல் கண்டு, உயிர் பிழைத்தார், பார்வை போயிற்று. தந்தையார் பொதுச் சுகாதாரத் துறையில் மருத்துவர். போன பார்வை மீளாது என்பதை அவர் அறிந்திருந்தார். கல்வி ஒன்றே மகனுக்குத் துணை என்று துணிந்தார். தாயாரோ இது சில நாளைய இருள் என்று நம்பி, வைத்தியர் பலரை நாடினார். ஒரே வீட்டில் நிலவிய இவ்விரண்டு நம்பிக்கைகளும் பின்னாளில் அவருடைய எழுத்துக்குக் கருவாயின.

ஐந்து வயது நிறையாத அக்குழந்தையை ஆயிரம் மைலுக்கு அப்பால், பம்பாயில் தாதரில் இருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினர். அங்கே பிரெயில் எழுத்தைப் பயின்றார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல்தான் வகுக்கப்பட்டது என்பதை நினைத்தால், அந்நாளில் கண்ணிழந்த சிறுவர் கல்வி பெறுவது எத்துணை அரிது என்பது விளங்கும். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் குடும்பம் லாகூரை இழந்து அகதியாக வந்தது. பல அமெரிக்கப் பள்ளிகள் இடம் தர மறுத்தபின், ஆர்கன்சா மாநிலத்துப் பார்வையற்றோர் பள்ளி ஒன்று அவரை ஏற்றது. 1949-இல், பதினைந்தாம் வயதில், தனியே கடல் கடந்தார்.

கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே தம் சரிதையைச் சொல்லத் தொடங்கினார். 'சொல்ல' என்றே கூறவேண்டும். அவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதினார். வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதை நமக்குப் புதிதன்று. ஆயினும், எழுதியதைத் தம் கண்ணால் மீண்டும் பார்க்க இயலாதவர், வாக்கியந்தோறும் நினைவில் நிறுத்தி, படிக்கச் சொல்லிக் கேட்டு, திருத்தி, மறுபடியும் கேட்கும் உழைப்பை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. அவ்வாறு உருவான 'ஃபேஸ் டு ஃபேஸ்' 1957-இல் வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

இதன்பின் நிகழ்ந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. தாயகம் வந்து சென்ற அனுபவத்தை 1960-இல் நூலாக்கியபோது, நிறத்தையும் முகத்தையும் கண்ணால் கண்டவர் போலவே அவர் வருணித்தார். கண்ணிழந்த எழுத்தாளர் என்னும் அடைமொழியை அவர் விரும்பவில்லை. எழுத்தை எழுத்தாகவே உலகம் எடைபோடவேண்டும் என்று கருதினார். 1961-இல் 'நியூ யார்க்கர்' இதழில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே எழுதினார்.

மறைத்துவைத்த பொருளுக்கு அவர் மெல்ல மெல்லத் திரும்பினார். 1972-இல் தந்தையாரின் சரிதம், 1979-இல் தாயாரின் சரிதம், 1982-இல் தாதர் பள்ளி நாட்களைக் கூறும் 'வேதி' என அவை தொடர்ந்தன. ஒலியும் காற்றும் முகத்தில் படும் வகையைக் கொண்டு எதிரே நிற்கும் பொருளை உணர்ந்து, கைக்கோல் இன்றி நடந்த திறனையும் அவர் எழுதினார். 2001-இல் வந்த நூலில், தாம் நேசித்தவர்களிடத்தும் தம் குறையைப் பேசாது வாழ்ந்ததையும், அதனால் நேர்ந்த துயரையும் ஒளியாது கூறினார். 2004 வரை நீண்ட இவ்வரிசைக்கு அவர் இட்ட பொதுப்பெயர் 'கான்டினென்ட்ஸ் ஆஃப் எக்ஸைல்'. 'புலம்பெயர்ந்த கண்டங்கள்' எனலாம். 2021-இல் நியூயார்க்கில் காலமானார்.

இளமையில் எழுதிய ஒரு நூலோடு அவர் கதை முடியவில்லை. குறையைச் சொன்னார், பிறகு மறைத்தார், பிறகு முன்னினும் ஆழமாகச் சொன்னார். மூன்றும் அவரே தெரிந்துகொண்டவை. தம் துன்பத்தை எப்போது, எவ்வளவு, எவ்வகையில் உரைப்பது என்னும் உரிமை அதனைத் தாங்குபவருக்கே உரியது என்பதை இந்நூல்வரிசை உணர்த்துகிறது.

ஊரைவிட்டு வந்து வேற்று மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு அவருடைய ஏக்கம் அந்நியமானதன்று. தெருவின் ஓசையும் அடுக்களையின் மணமும் கொண்டு இழந்த வீட்டை மனத்துள் மீண்டும் கட்டும் கலையை நாமும் ஓரளவு அறிவோம். நம் குடும்பங்களிலும் நோயோடும் குறையோடும் வாழ்வோர் உளர். அவர்களுக்காக நாம் பேசுவது எளிது. அவர்கள் சொல்லத் தொடங்கும் நாளில், அருகிலமர்ந்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதித் தருவதுதான் அரிய தொண்டு.